தாத்தா போன ஊர்வலம் எது? மலாயாப் பல்கலைக்கழகத் தமிழ் மாணவர்களும் 1974ஆம் ஆண்டும்

தம்பி, நீங்கள் கேட்டது இரண்டு வரிதான். 1971 முதல் 1975 வரை மலாயாப் பல்கலைக்கழகத்தில் படித்த உங்கள் தாத்தா, வியட்நாம் போரை எதிர்த்துக் கோலாலம்பூரில் ஊர்வலம் போனதாகவும் கண்ணீர்ப்புகையில் மாட்டியதாகவும் சொல்வாராம். உங்கள் மாமாவோ, "அதெல்லாம் மலாய் மாணவர்கள் செய்தது, நம்மாட்கள் படிப்பைத் தவிர எதையும் பார்க்கவில்லை" என்கிறாராம். யார் சொல்வது சரி என்று கேட்கிறீர்கள். கடைசியில் போகிற போக்கில் இன்னொன்றையும் எழுதியிருக்கிறீர்கள்: பினாங்கில் படிக்கும் நீங்கள் காசா போருக்கு எதிரான கூட்டத்துக்குப் போகக் கூடாது என்று வீட்டில் தடை போட்டிருக்கிறார்களாம். உங்கள் உண்மையான கேள்வி அதுதான் என்று எனக்குப் படுகிறது. தாத்தா போயிருந்தால் பேரன் போவதை எப்படித் தடுக்க முடியும்? சரி, இரண்டுக்கும் சொல்கிறேன்.

நான் வரலாறு படித்தவன், ஆறாம் படிவ மாணவர்களுக்கு வரலாறு சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவன். அதே வளாகத்துக்குள் 1976இல் நுழைந்தேன். எல்லாம் அடங்கிய பிறகு, அதாவது. 1974ஐ நான் கண்ணால் பார்க்கவில்லை. அன்றைய நாளிதழ்கள், சட்டங்கள், பிற்பாடு மூத்த மாணவர்கள் பலரிடம் உட்கார்ந்து கேட்டு எழுதி வைத்தவை, இவைதான் என் கைமுதல். வாய்மொழியில் வருவதை அப்படியே நம்பக் கூடாது என்பது என் தொழில் சொல்லிக்கொடுத்த முதல் பாடம். அதைவிட முக்கியமான பாடம், அதை அப்படியே தள்ளிவிடவும் கூடாது என்பது.

முதலில் ஆண்டுகளைப் பிரித்துவிடுவோம். வியட்நாம் போரை ஒட்டிக் கோலாலம்பூரில் நடந்த பெரிய தெருப் போராட்டம் 1966 அக்டோபர் கடைசியில், அமெரிக்க அதிபர் லிண்டன் ஜான்சன் வந்தபோது. போலீஸ் சுட்டதில் ஓர் ஆர்ப்பாட்டக்காரர் இறந்தார். அந்தக் காலத்தில் போருக்கு எதிரான குரலைத் தெருவுக்குக் கொண்டுவந்ததில் தொழிலாளர் கட்சி போன்ற இடதுசாரிக் கட்சிகளுக்கும் அவற்றின் இளைஞர்களுக்கும் பெரிய பங்கு உண்டு. பல்கலைக்கழகத்தில் சோசலிஸ்ட் கிளப்பும் மாணவர் சங்கமும் பேசின, விவாதித்தன. ஆனால் 1966இல் உங்கள் தாத்தா பள்ளிக்கூடப் பையன். ஜான்சன் வருகையின் தடயம் இன்றும் இருக்கிறது, தெரியுமா? நெகிரி செம்பிலானில் லாபு பக்கம் ஒரு பெல்டா நிலக்குடியேற்றத்துக்கு அவர் பெயர்தான்.

அமெரிக்காவில் வளாகங்கள் கொதித்ததுபோல இங்கே ஏன் இல்லை என்று என் மாணவர்கள் கேட்பார்கள். அங்கே பையன்களைக் கட்டாய ராணுவத்துக்கு இழுத்தார்கள். இங்கிருந்து போருக்கு யாரும் போகவில்லை. அது பாதிக் காரணம். மற்ற பாதி, நாமே கம்யூனிஸ்டுக் கெரில்லாக்களோடு நடந்த ஒரு காட்டுப் போரிலிருந்து வெளியே வந்து சில ஆண்டுகள்தான் ஆகியிருந்தன. 1948 முதல் 1960 வரை அவசரகாலம். ரப்பர்த் தோட்டத்துக்கு முள்வேலி, ஊரடங்கு, அரிசிக்கு அளவு, தொழிலாளர் குடியிருப்பான லயத்துக்குள் சோதனை எல்லாம் பார்த்தவர்கள் அன்றைய மாணவர்களின் அப்பா அம்மாக்கள். மலாயாவில் மக்களை வேலிக்குள் குடியமர்த்திய அனுபவத்தோடுதான் ராபர்ட் தாம்சன் என்ற பிரிட்டிஷ் அதிகாரி தென்வியட்நாமின் தலைநகரான சைகோனுக்கு ஆலோசகராகப் போனார். தென்வியட்நாம் போலீஸ்காரர்கள் இங்கே பயிற்சிக்கு வந்தார்கள். பிரதமர் துங்குவின் அரசு வெளிப்படையாகவே சைகோன் பக்கம். அமெரிக்க வீரர்கள் விடுப்பில் வந்து இறங்கிய ஊர்களில் நீங்கள் இருக்கும் பினாங்கும் ஒன்று. இந்த நிலையில் ஒருவன் 'வியட்நாமை விட்டு வெளியேறு' என்று அட்டை பிடித்தால், அதைப் படிக்கிற போலீஸ்காரர் கண்ணுக்குக் கம்யூனிஸ்டு என்றுதான் தெரியும். 1960இலிருந்து இசா என்ற உள்நாட்டுப் பாதுகாப்புச் சட்டம் கையில் இருந்தது. விசாரணையில்லாமல் உள்ளே வைக்கலாம். 1964க்குப் பிறகு பல்கலைக்கழகத்தில் சேரவே, இவர் ஆபத்தில்லாதவர் என்று ஒரு தகுதிச் சான்றிதழ் வேண்டும் என்று விதி வந்தது. இந்தப் பயம் சும்மா வந்ததில்லை.

அதற்காக வளாகம் ஊமையாகவும் இருக்கவில்லை. பேச்சுமேடை என்று ஓரிடம் இருந்தது. மதிய வேளையில் யார் வேண்டுமானாலும் ஏறிப் பேசலாம், கீழே இருப்பவர்கள் கூச்சல் போட்டு இறக்கவும் செய்யலாம். 1968இல் சோவியத் படைகள் செக்கோஸ்லோவாக்கியாவுக்குள் நுழைந்தபோது மாணவர்கள் சோவியத் தூதரகத்துக்கும் போனார்கள். அமெரிக்காவை மட்டும் திட்டிய கூட்டம் என்று சொல்பவர்களுக்காக இதைச் சொல்கிறேன். 1969 பொதுத்தேர்தலுக்கு முன் மாணவர் சங்கம் தனியாக ஒரு கோரிக்கை அறிக்கை தயாரித்து ஊர் ஊராகக் கூட்டம் போட்டது.

பிறகு 1969 மே 13 இனக்கலவரம். அதிகாரபூர்வக் கணக்கில் 196 பேர் இறந்தார்கள். உண்மையில் அதைவிட அதிகம் என்று சொல்பவர்கள் இன்றுவரை இருக்கிறார்கள், அந்த வாதம் தீரவில்லை. நாடாளுமன்றம் 1971 பிப்ரவரியில்தான் மறுபடி கூடியது. அதே 1971இல் மாணவர் செயல்பாடுகளைக் கட்டுப்படுத்தும் பல்கலைக்கழக, பல்கலைக்கழகக் கல்லூரிச் சட்டம் வந்தது. உங்கள் தாத்தா கால் வைத்த வளாகம் அது. துங்கு போய் துன் ரசாக் வந்துவிட்டார். 1971 நவம்பரில் கோலாலம்பூரில் கூடிய ஆசியான் நாடுகள் இந்த வட்டாரத்தை நடுநிலை வட்டாரமாக அறிவித்தன. 1974 மே மாதம் ரசாக் பெய்ஜிங்குக்கே போய்ச் சீனாவோடு உறவு வைத்துக்கொண்டார். அரசே நடுநிலை பேச ஆரம்பித்துவிட்டதால் வியட்நாமுக்காகத் தெருவில் இறங்க வேண்டிய சூடு தணிந்தது என்பது என் கருத்து. வேறு விதமாக விளக்கும் வரலாற்றாசிரியர்களும் உண்டு. போர் பற்றிய பேச்சு அறைகளிலும் பேச்சுமேடையிலும் தொடர்ந்தது. ஆனால் உங்கள் தாத்தா கண்ணீர்ப்புகையைச் சுவாசித்திருந்தால் அது பெரும்பாலும் வியட்நாமுக்காக இருந்திருக்காது. ரப்பருக்காக.

1974ஐக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். எண்ணெய் விலை ஏறி, அந்த ஆண்டு விலைவாசி சுமார் 17 விழுக்காடு உயர்ந்தது. ரப்பர் விலையோ கீழே இறங்கிக்கொண்டே போனது. ஆகஸ்டில் பொதுத்தேர்தல் முடிந்த கையோடு, செப்டம்பரில் ஜோகூர் பாருவில் தாசேக் உத்தாரா புறம்போக்கு வீடுகளை இடித்தார்கள். ஆதரவுக்குப் போன மாணவர்கள் கைதானார்கள். அதைக் கேட்டு, இங்கே மாணவர் சங்கம் செப்டம்பர் 21ஆம் தேதி பல்கலைக்கழக நிர்வாகத்தையே கையில் எடுத்துக்கொண்டது. அது நீடிக்கவில்லை, சங்கம்தான் முடக்கப்பட்டது. நவம்பரில் கெடாவின் பாலிங்கில் சிறுதோட்டக்காரர்கள் ஆயிரக்கணக்கில் திரண்டார்கள். பட்டினியால் சாவு நடந்தது, காட்டுக்கிழங்கு தின்று பிள்ளைகள் இறந்தார்கள் என்று செய்தி பரவியது. அரசு அதை மறுத்தது. பட்டினிச் சாவு நடந்ததா என்பதில் நான் தீர்ப்புச் சொல்ல மாட்டேன். பசி இருந்தது என்பதில் சந்தேகமில்லை. பாலிங் பக்கத்துத் தோட்டங்களில் எங்கள் சொந்தக்காரர்கள் இருந்தார்கள். அந்த ஆண்டு தீபாவளிக்குப் புதுத்துணி இல்லை என்பதை என் அத்தை கடைசிவரை சொல்லிக்கொண்டிருந்தார்.

டிசம்பர் 3ஆம் தேதி கோலாலம்பூரில், இன்று டத்தாரான் மெர்டேக்கா என்று சொல்கிறோமே, அந்த சிலாங்கூர் கிளப் திடலில் பல உயர்கல்வி நிலையங்களின் மாணவர்கள் கூடினார்கள். கண்ணீர்ப்புகை அங்கேதான். சிதறியவர்களில் ஒரு பகுதியினர் தேசியப் பள்ளிவாசலுக்குள் புகுந்தார்கள். கைதானவர்கள் 1,128 பேர் என்பது வழக்கமாகச் சொல்லப்படும் எண். கூட்டம் எவ்வளவு என்பதில் மட்டும் ஆளுக்கொரு கணக்கு. பினாங்கிலும் மாணவர்கள் இறங்கினார்கள். சில நாளில் போலீஸ் வளாகங்களுக்குள்ளேயே வந்தது. அப்போது முஸ்லிம் இளைஞர் இயக்கத் தலைவராக இருந்த அன்வார் இப்ராஹிம் இசாவில் ஏறக்குறைய இரண்டு ஆண்டுகள் உள்ளே இருந்தார். விரிவுரையாளர் சையத் ஹுசின் அலி 1980 வரை. மாணவர் தலைவர் ஹிஷாமுடின் ரயிஸ் நாட்டை விட்டுத் தப்பிப் போய் 1994இல்தான் திரும்பினார்.

இப்போது உங்கள் மாமாவுக்கு வருவோம். தலைமையில் இருந்தவர்கள் பெரும்பாலும் மலாய் மாணவர்கள் என்பது சரி. 1970 வாக்கில் வளாக அரசியலின் மொழியே ஆங்கிலத்திலிருந்து மலாய்க்கு மாறிவிட்டது. ஆங்கிலப் பள்ளியில் படித்து வந்த நம் பிள்ளைகளுக்குப் பேச்சுமேடையில் ஏறி மலாயில் கொட்டி முழங்க வராது. கேட்டுக்கொண்டு நிற்பார்கள். ஆனால் 'நம்மாட்கள் யாரும் இல்லை' என்பது தவறு. நான் பேசிய மூத்தவர்களில் திடலுக்குப் போனவர்கள் இருக்கிறார்கள், கைதாகி இரவு லாக்கப்பில் கிடந்து, வீட்டில் நண்பன் கல்யாணம் என்று கதைவிட்டவர் ஒருவர் இருக்கிறார், இரவோடு இரவாக நோட்டீஸ் சைக்ளோஸ்டைல் அடித்துக் கொடுத்த அக்கா ஒருவர் இருக்கிறார். அன்று விடுதி அறையை விட்டு வெளியே வராதவர்கள்தான் அதிகம் என்பதையும் மறைக்க வேண்டியதில்லை.

வெளியே வராததற்குக் கோழைத்தனம் என்று பெயர் வைக்க எனக்கு மனம் வரவில்லை. அன்று ஒரு தோட்டத்திலிருந்து ஒரு பையன் பல்கலைக்கழகம் போனான் என்றால் அது அந்தத் தோட்டத்துக்கே சேதி. தோட்டத்து எழுத்தரான கிராணியின் மகன் போனாலே பெரிய விஷயம், பால்மரம் வெட்டுகிறவரின் மகன் போனால் கோயிலில் அர்ச்சனை. அவன் படிப்பு நின்றால் நிற்பது அவன் ஒருவனுடைய வாழ்க்கை இல்லை, கீழே தம்பி தங்கைகள் வரிசையாக இருப்பார்கள். உபகாரச் சம்பளம் வாங்கியவன் கையெழுத்துப் போட்ட பத்திரம் வேறு இருந்தது. இதற்கு மேல் குடியுரிமை. 1968இல் வந்த சட்டத்தால், 1969லிருந்து குடியுரிமை இல்லாதவர்களுக்கு வேலை பெர்மிட் கட்டாயமானது. குடியுரிமை இல்லாதவர்களுக்கான சிவப்பு அடையாளக் கார்டு வைத்திருந்த தோட்டத் தொழிலாளர்கள் ஆயிரக்கணக்கில், பிறந்து வளர்ந்தவர்களும் சேர்த்து, இந்தியாவுக்குக் கப்பல் ஏறினார்கள். பினாங்குத் துறைமுகத்தில் 'ரஜூலா' கப்பலில் உறவுகளை ஏற்றிவிட்டு அழுத குடும்பங்கள் அவை. அப்பாவுக்குக் குடியுரிமையைக் காட்டும் நீலக் கார்டு கிடைக்குமா என்று காத்திருக்கும் வீட்டுப் பிள்ளை, போலீஸ் கையில் பெயர் கொடுக்கத் தயங்குவானா மாட்டானா?

எனக்கு இன்றும் உறுத்துவது வேறொன்று. பாலிங்கில் ரப்பர் விலை விழுந்ததால் சிறுதோட்டக்காரர் பட்டினி என்று முழங்கினார்கள். நியாயமான முழக்கம். அதே விலைவீழ்ச்சி பக்கத்துத் தோட்டங்களில் நம் ஜனங்களின் வெட்டுக்கூலியையும் இறக்கியது. கூலியின் ஒரு பகுதி ரப்பர் விலையோடு கட்டப்பட்டிருந்தது. ஒரே மரம், ஒரே பால். ஆனாலும் அன்றைய முழக்கங்களில் மலாய்க் கிராமத்துக் (கம்போங்) குடியானவர் வந்த அளவுக்கு லயத்துத் தொழிலாளி வரவில்லை. திடலுக்குப் போன ஒரு மூத்தவர் என்னிடம் சொன்னார், "நான் எங்கப்பாவுக்காகத்தான் போனேன், ஆனால் அட்டையில் எங்கப்பா இல்லை." போகாதவர்களில் பலர் அட்டையில் தங்களைத் தேடிப் பார்த்துக் காணாமல் நின்றவர்கள் என்றும் நினைக்கிறேன். இதை ஆவணத்தைக் காட்டி நிரூபிக்க முடியாது, பலர் சொல்லக் கேட்டு எனக்குத் தோன்றியது.

அன்றாட வாழ்க்கை எப்படி இருந்தது என்றும் கேட்டிருந்தீர்கள். ஊர்வலம் ஆண்டில் சில நாள். மற்ற நாளெல்லாம் சாதாரண மாணவர் வாழ்க்கைதான். அங்கே கல்லூரி என்றால் விடுதி, முதலாம் கல்லூரி, இரண்டாம் கல்லூரி என்று எண்ணில்தான் பெயர். முதல் வாரம் முழுக்கப் புதியவர்களை மூத்தவர்கள் ஆட்டிவைப்பார்கள். விடுதிச் சாப்பாடு நாக்குக்கு ஒத்துவராமல் வாரக்கடைசியில் பிரிக்பீல்ட்ஸுக்குப் பஸ் ஏறி வாழையிலைச் சாப்பாடு. இந்திய ஆய்வியல் துறை ஒரு தாய்வீடு போல. தனிநாயகம் அடிகள் தலைமை வகித்த துறை அது. 1966 ஏப்ரலில் முதல் உலகத் தமிழ் மாநாடு கூடியதும் கோலாலம்பூரில்தான். தமிழ் விழா, நாடகம், பட்டிமன்றம் என்று அதற்கொரு கூட்டம் எப்போதும் உண்டு. ஜான்சன் வந்தது அதே ஆண்டு அக்டோபரில் என்பதை நினைத்துப் பாருங்கள். தமிழ் மாநாட்டில் தொண்டராக நின்ற பையன் ஆறு மாதத்தில் வியட்நாம் விவாதத்திலும் உட்கார்ந்திருக்கலாம். மாமா நினைப்பதுபோல அந்த இரண்டும் இரண்டு தனி உலகங்கள் இல்லை.

1975இல் அந்த 1971ஆம் ஆண்டுப் பல்கலைக்கழகச் சட்டம் திருத்தப்பட்டது. மாணவர் சங்கத்தின் பணமும் நிர்வாகமும் பல்கலைக்கழகத்தின் கைக்குப் போயின. கட்சி, தொழிற்சங்கம் எதோடும் தொடர்பு கூடாது. இதைவிடக் கொடுமை, குறிப்பிட்ட வகைக் குற்றங்களில் ஒரு மாணவன்மீது வழக்குப் பதிவானாலே, தீர்ப்பு வரும் முன்பே, படிப்பிலிருந்து தானாக இடைநீக்கம். நான் சேர்ந்தபோது பேச்சுமேடை பேச்சில்லாமல் கிடந்தது. பெற்றோர் எங்களைச் சேர்த்துவிட்டுப் போகும்போது சொன்ன ஒரே புத்திமதி, கூட்டத்தில் நிற்காதே என்பதுதான். உங்கள் வீட்டில் இன்று கேட்கும் குரல் அந்த ஆண்டுகளில் பிறந்தது, தம்பி. அது வெறும் பிடிவாதம் இல்லை, ஒரு சட்டத்தைப் பார்த்துக் கற்றுக்கொண்டது.

ஆனால் அந்தச் சட்டம் அப்படியே இல்லை என்பதையும் வீட்டில் சொல்லுங்கள். தானாக இடைநீக்கம் என்பது 2009 திருத்தத்தோடு போனது. 2011 அக்டோபரில், தேசியப் பல்கலைக்கழக மாணவர் நால்வர் தொடுத்த வழக்கில், மாணவர் கட்சிக்கு ஆதரவு தெரிவிப்பதைத் தடுத்த பிரிவு அரசியலமைப்புக்கு முரண் என்று மேல்முறையீட்டு நீதிமன்றம் சொன்னது. 2012 திருத்தம் கட்சியில் சேர அனுமதித்தது. வளாகத்துக்குள் அரசியல் கூடாது என்றிருந்த தடையை 2018 டிசம்பரில் நிறைவேறிய திருத்தம் எடுத்தது. கூட்டங்களுக்கு 2012இன் அமைதிப் பேரணிச் சட்டம் தனி. ஏற்பாடு செய்கிறவருக்கு 21 வயது ஆகியிருக்க வேண்டும், ஐந்து நாளுக்கு முன்னால் போலீசுக்கு அறிவிக்க வேண்டும். அறிவிக்கத் தவறியதற்காகத் தண்டிப்பது அரசியலமைப்புக்கு முரண் என்று 2025 ஜூலையில் கூட்டரசு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. கலந்துகொள்பவருக்கு அறிவிக்கும் கடமை கிடையாது. வெளிநாட்டு மாணவர்களுக்கு மட்டும் இந்தச் சட்டத்தில் பேரணி உரிமை இல்லை, உங்கள் அறைத்தோழன் வெளிநாட்டவர் என்றால் அவனை இழுத்துக்கொண்டு போகாதீர்கள்.

நான் வழக்கறிஞன் இல்லை. நீங்கள் படிப்பது பொதுப் பல்கலைக்கழகமா தனியாரா என்று எழுதவில்லை. தனியாருக்குச் சட்டமே வேறு. உங்கள் நிலையத்தின் ஒழுங்கு விதிகளையும், கல்விக் கடன் வாங்கியிருந்தால் அந்த ஒப்பந்தத்தையும் ஒருமுறை முழுதாகப் படித்துவிடுங்கள். சந்தேகம் என்றால் வழக்கறிஞர் மன்றத்தின் சட்ட உதவி மையம் பினாங்கிலும் இருக்கிறது. போவதா வேண்டாமா என்பதை நான் சொல்ல மாட்டேன். போனால் அடையாளக் கார்டு, போன் சார்ஜ், வீட்டில் ஒருவருக்காவது எங்கே இருக்கிறீர்கள் என்ற தகவல், இந்த மூன்றும் இருக்கட்டும். வீட்டுக்குத் தெரியாமல் போவதை மட்டும் நான் ஆதரிக்க மாட்டேன். கல்யாணக் கதைவிட்ட அந்த அண்ணனுக்கு அதன் பிறகு ஓராண்டு வீட்டில் பேச்சுவார்த்தையே இல்லை.

தாத்தா விஷயத்தைச் சரிபார்க்க வழி இருக்கிறது. அவருடைய பழைய பெட்டியில் 'மகாசிஸ்வா நெகாரா' என்ற மாணவர் பத்திரிகையின் இதழோ, சைக்ளோஸ்டைல் தாளோ இருக்கிறதா பாருங்கள். எறிந்துவிட வேண்டாம். சிங்கப்பூர் தேசிய நூலகத்தின் இணையதளத்தில் அந்தக் காலத்து நாளிதழ்களைத் தேடிப் படிக்கலாம். 1974 டிசம்பர் 3 முதல் 10 வரை நாள்வாரியாகப் பாருங்கள். தேசிய ஆவணக் காப்பகம் கோலாலம்பூரில், முன்பு ஜாலான் டூத்தா என்று சொன்ன ஜாலான் துவாங்கு அப்துல் ஹலிமில் இருக்கிறது. தாத்தாவின் வகுப்புத்தோழர் யாராவது இருந்தால் முதலில் அவரிடம் போங்கள், காகிதம் காத்திருக்கும். போய், வியட்நாம் ஊர்வலம் போனீர்களா என்று கேட்காதீர்கள். ஆமாம் என்றுதான் பதில் வரும். 1974 டிசம்பர் முதல் வாரம் எங்கே இருந்தீர்கள், யாரோடு இருந்தீர்கள், என்ன சாப்பிட்டீர்கள் என்று கேளுங்கள். மாமாவையும் கூட்டிக்கொண்டு போங்கள்.